பழைய லேத்தில் புஷ்ஷுக்குள் எண்ணெய்க் காடி: நேரா, சுருளா, எட்டா?

ஆறு கன் மெட்டல் (ஒரு வகை வெண்கலம்) புஷ், அதாவது ஷாஃப்ட் உள்ளே சுற்றும் குழாய். துளை 40 மில்லிமீட்டர், நீளம் 60, சுவர் 6. கையில் இருப்பதோ ஸ்பிண்டில் (வேலைத்துண்டைச் சுழற்றும் அச்சு) ஆட்டம் கண்ட பழைய லேத். டூலைக் குறுக்கே நகர்த்தும் கிராஸ் ஸ்லைடின் கைப்பிடியைத் திருப்பினால் கால் சுற்று சும்மா ஓடும். எண்ணெய் ஓட உள்ளே வெட்டும் பள்ளம்தான் காடி; மூன்று வகைக் காடியையும் யோசித்துப் பார்த்துவிட்டு ஆறிலும் நேர்க்காடிதான் போட்டேன்.

கை கிரைண்டரை விட்டு உள்ளே அராவிவிடலாமே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கல்லின் துகள் வெண்கலத்தில் பதிந்துவிடும். அப்புறம் அந்த புஷ்ஷே உப்புத்தாள் மாதிரி ஷாஃப்டைத் தின்னும்.

எட்டு வடிவம் பார்க்க அழகு. எண்ணெயும் எல்லாப் பக்கமும் போகும். அதற்குக் கேரேஜை (டூலைச் சுமந்து நீளவாக்கில் நகரும் பகுதி) முன்னும் பின்னும் இழுக்க ஒரு கிராங்க் வேண்டும்; புஷ் இரண்டு சுற்று சுற்றுவதற்குள் கேரேஜ் ஒருமுறை போய்த் திரும்ப வேண்டும். ஒன்றுக்கு ஒன்று என்று கியர் போட்டுவிட்டால் எட்டு வராது, சாய்ந்த வளையம்தான் வரும். நான் இதை ஒரே ஒரு கழிவுத் துண்டில்தான் வெட்டிப் பார்த்தேன், அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன். நூறு புஷ் வெட்டுபவருக்கு அந்த ஏற்பாடு கட்டும், ஆறுக்குக் கட்டாது.

சுருள் காடி என்பது நீளமான புரி வெட்டுவதுதான். கேரேஜை நகர்த்தும் லீட் ஸ்குரூவின் புரி இடைவெளி 6 மில்லி, காடியின் லீடு (ஒரு சுற்றுக்கு முன்னேறும் தூரம்) 48 மில்லி என்றால், புஷ்ஷைப் பிடித்திருக்கும் சக் ஒரு சுற்று சுற்ற லீட் ஸ்குரூ எட்டுச் சுற்று சுற்ற வேண்டும். மோட்டாரில் ஓட்டினால் கியர் பல் தாங்காது. ஸ்பிண்டிலை நியூட்ரலில் விட்டு, லீட் ஸ்குரூவின் கடைசியில் கைப்பிடி மாட்டிச் சுற்றினால் சக் தானாக மெதுவாகத் திரும்பும். இது நல்ல வழிதான். ஆனால் இந்தத் துளைக்குக் காடியின் சாய்வு 21 டிகிரி வருகிறது. டூலின் பக்கவாட்டை அந்தச் சாய்வுக்குத் தகுந்தபடி தீட்டாவிட்டால் உரசும். ஒவ்வொரு வெட்டுக்கும் பின்னால் வந்து, கியர் ஆட்டத்தை எல்லாம் ஒரு பக்கமாக எடுத்துவிட்டுத்தான் மறுபடி தொடங்க வேண்டும். மறந்தால் ஒரு காடிக்குப் பக்கத்தில் இன்னொரு காடி.

நேர்க்காடியில் ஸ்பிண்டில் சுற்றுவதே இல்லை. மோட்டார் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சக் தாடைக்கும் பெட்டுக்கும் (லேத்தின் அடிச்சட்டம்) நடுவே மரக்கட்டை இறுக்கிவிட்டேன். பேரிங் எவ்வளவு தேய்ந்திருந்தால் என்ன? போரிங் பாரில் (துளைக்குள் டூலை நீட்டும் கம்பி) ஹெச்.எஸ்.எஸ். என்னும் கடின எஃகு டூல், அரைவட்ட நுனி, மேல்முகம் தட்டை. வெண்கலத்தில் சரிவு கொடுத்தால் டூல் உள்ளே இழுத்துக்கொள்ளும். கேரேஜ் கைச்சக்கரத்தைத் திருப்பி இழைப்புளி மாதிரி சீவ வேண்டியதுதான். விசை பெரும்பாலும் பாரின் நீளவாக்கில் போவதால் மெல்லிய பாரும் அதிரவில்லை. ஒரு தடவைக்கு 0.1 மில்லி, பத்துத் தடவையில் 1 மில்லி ஆழம். திரும்பி வரும்போது டூலை விலக்கிக்கொள்ளுங்கள்.

சிக்கல் காடியின் முனையில்தான். எண்ணெய் வெளியே வழியாதிருக்க, இரு பக்கமும் 5 மில்லி விட்டுக் காடி உள்ளேயே முடிய வேண்டும். முதல் புஷ்ஷில் அப்படியே தள்ளி நிறுத்தினேன். சீவல் அறுபடாமல் சுருண்டு முனையிலேயே ஒட்டிக்கொண்டது. அடுத்த தடவை டூல் அதில் ஏறி, அதன் நுனி உடைந்து, புஷ் வீண். கழிவுத் துண்டில் போட்ட சுருளிலும் இதே தொல்லைதான், அங்கே முனை எங்கே விழும் என்று குறிப்பதே பெரும்பாடு.

நேர்க்காடியில் அதற்கு வழி சுலபம். வெளிப்புறம் நீளவாக்கில் ஒரு கோடு கீறி, அதன்மேல் மூன்று துளை போட்டேன். நடுத்துளை எண்ணெய் வர. விளிம்பிலிருந்து 7.5 மில்லியில் ஆளுக்கொன்றாக இரண்டு 5 மில்லித் துளை, டூல் தொடங்கவும் சீவல் அறுந்து விழவும். புஷ்ஷை ஹவுசிங்கில் (அது உட்காரும் கூடு) அடித்து இறக்கியதும் அந்த இரண்டும் தாமாக மூடிக்கொள்ளும். டூல் நுனி 4 மில்லிக்கு மேல் தடிமன் இருந்தால் அந்தத் துளைக்குள் இறங்காது, அதை மட்டும் முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். வீணானதற்குப் பதில் ஒன்று கடைந்து, ஆறையும் ஒரே மாலையில் முடித்தேன்.

பிசிறெடுத்துக் காடியின் ஓரத்தை ஸ்கிரேப்பரால் மழுக்கிவிட வேண்டும். கூராக இருந்தால் எண்ணெய்ப் படலத்தை வழித்துவிடும். காடி, சுமை விழாத பக்கம் வரும்படி அடித்து இறக்குங்கள்.

என் ஷாஃப்ட் ஒரே பக்கமாக முழுச் சுற்று சுற்றுவது, சுமையும் கீழ்நோக்கி மட்டும். அதனால் ஒற்றை நேர்க்காடி போதும். பாதி சுற்றிப் பாதி திரும்பும் பின் மாதிரியான அச்சுக்கு இது போதாது, எண்ணெயை ஷாஃப்ட் சுற்றிலும் இழுத்துப்போகாது. அப்படி ஒரு வேலை வந்தால் லீட் ஸ்குரூவில் கைப்பிடியை மாட்டத்தான் வேண்டும்.