திண்ணை உயரத்தில் ஒரு கிணறு: ஸ்விம் ஸ்பாவோடு நான்கு ஆண்டுகள்

நான் நீச்சல் கற்றது முசிறிப் பக்கம் ஒரு தோட்டத்துக் கிணற்றில், முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு. அங்கே நீந்துவது என்றால் வட்டம் போடுவது. இப்போது மெல்பர்னின் கிழக்கு ஓரத்தில், டாண்டினாங் மலையடிவாரத்தில் ஒரு வீட்டுப் பின்புறம், வட்டம்கூடப் போடாமல் நின்ற இடத்திலேயே நீந்திக்கொண்டிருக்கிறேன். 2022 மார்ச்சில் பொருத்திய 4.2 மீட்டர் நீள ஃபைபர்கிளாஸ் ஸ்விம் ஸ்பா. ஒரு முனையிலிருந்து பம்ப் தண்ணீரைப் பீய்ச்சும். அந்த ஓட்டத்தை எதிர்த்து நீந்த வேண்டும். வாங்கிய வாரத்தில் எழுதியிருந்தால் முழுக்கப் புகழ்ந்திருப்பேன். இரண்டாம் குளிர்காலத்தில் எழுதியிருந்தால் முழுக்கத் திட்டியிருப்பேன். இரண்டும் ஆறியபிறகு எழுதுகிறேன்.

கொரோனா ஊரடங்கில் மெல்பர்னின் பொது நீச்சல்குளங்கள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. எனக்கோ இடுப்பு வலி; நீந்தினால்தான் அடங்கும். குளம் வெட்டலாம் என்றால் எங்கள் மனை சரிவானது. மேலே மழைக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்கும் களிமண், கீழே பாறை. குழி தோண்டும் செலவைக் கேட்டதும் அந்தப் பேச்சு முடிந்தது. சரிவின் காரணமாக வீட்டுக்குப் பின்னால் ஏற்கெனவே ஆளுயரத்துக்குச் சற்றுக் குறைவாக ஒரு மரத்தளம் இருந்தது. அதன்மேல் ஒரு தொட்டியைத் தூக்கி வைத்துவிட்டால் போதும் என்று நினைத்தேன். எவ்வளவு அறியாமை!

கணக்கைப் பாருங்கள். ஒரு கன மீட்டர் தண்ணீரின் எடை ஒரு டன். என் தொட்டியில் 6,000 லிட்டர். தொட்டியும் இயந்திரங்களும் சேர்ந்து 600 கிலோ. உள்ளே நான்கு பேர் இறங்கினால் இன்னொரு 300. ஆக ஏறக்குறைய ஏழு டன், ஒன்பது சதுர மீட்டர் பரப்பில். சதுர மீட்டருக்கு 750 கிலோவுக்கு மேல் வருகிறது. இங்கே சாதாரண வீட்டு மரத்தளத்தைச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ தாங்கும் கணக்கில்தான் கட்டுகிறார்கள். கட்டமைப்புப் பொறியாளர் வந்து பார்த்து, நான் காட்டிய இடத்தைக் காலால் ஒரு தட்டு தட்டிவிட்டுச் சிரித்தார். அவருக்குக் கொடுத்த கட்டணம்தான் இந்த முழு வேலையிலும் நான் மிகவும் உருப்படியாகச் செலவழித்த பணம்.

அவர் சொன்ன தீர்வு எளிது. தொட்டி மரத்தளத்தின்மேல் உட்காரக் கூடாது. தளம்தான் தொட்டியைச் சுற்றி வர வேண்டும். தளத்தில் ஒரு பகுதியை வெட்டி எடுத்து, கீழே பாறை வரை துளையிட்டுத் தூண்கள் இறக்கி, அவற்றின்மேல் கம்பி கட்டிய கான்கிரீட் பலகம் போட்டோம். தொட்டியின் சுமை முழுவதும் அதன் வழியாக நேராகப் பூமிக்குப் போய்விடும். மரத்தளத்துக்கும் தொட்டிக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மேலிருந்து பார்ப்பவர்களுக்கு மட்டும் தளத்தின்மேல் இருப்பதுபோலத் தெரியும். பலகம் துல்லியமாகச் சமமாக இருக்க வேண்டும். ஃபைபர்கிளாஸ் தொட்டியின் அடிப்பாகம் முழுவதும் பதிந்து உட்காராவிட்டால், வெற்றிடம் உள்ள பகுதி தண்ணீர் எடையில் நெளியும். நெளிந்துகொண்டே இருந்தால் ஒருநாள் விரிசல் விடும்.

விளிம்பைத் தளத்தோடு சமமாக வைத்தால் படத்தில் அழகாக இருக்கும். நான் 45 சென்டிமீட்டர் மேலே விடச் சொன்னேன், நம் ஊர்த் திண்ணை உயரம். உட்கார்ந்து, இரண்டு காலையும் உள்ளே திருப்பிப் போட்டு இறங்கலாம். மூடியைத் தூக்கக் குனிய வேண்டாம். காய்ந்த யூகலிப்டஸ் இலைகள் காற்றில் உருண்டு நேரே தண்ணீருக்குள் விழுவதும் குறைவு. நான்கு ஆண்டுகளில் ஒருநாளும் வருந்தாத முடிவு இது.

தொட்டியைத் தேர்ந்தெடுத்த கதைக்கு வருகிறேன். கடைகளில் இருப்பவற்றில் பெரும்பாலானவை அக்ரிலிக் வகை. அக்ரிலிக் தகட்டைச் சூடாக்கி அச்சின்மேல் உறிஞ்சி வடிவமாக்கி, பின்பக்கம் ஃபைபர்கிளாஸ் பூசுவார்கள். பளபளப்பு அதிகம். முழு ஃபைபர்கிளாஸ் தொட்டியில், அச்சின்மேல் முதலில் ஜெல்கோட் என்ற மேற்பூச்சைத் தெளித்து, அதன்மேல் பிசினும் கண்ணாடி இழையுமாக அடுக்கடுக்காக ஏற்றுவார்கள். ஜெல்கோட்டுக்கு அடுத்த அடுக்கு வினைல் எஸ்டர் பிசினா என்று கட்டாயம் கேளுங்கள். மலிவான பிசினானால் தண்ணீர் மெல்ல ஊடுருவிக் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். நான் ஃபைபர்கிளாஸை எடுத்ததற்கு உண்மையான காரணம் வேறு: அதில் சாய்வு நாற்காலிகள் இல்லை. மற்ற தொட்டிகளில் தோள் பிடிக்க ஓர் இருக்கை, பாதம் பிடிக்க ஓர் இருக்கை, நடுவில் நீல விளக்கு, பாட்டுப் பெட்டி. ஒவ்வோர் இருக்கையும் நீந்தும் நீளத்தைத் தின்கிறது. காட்சிக்கு வைத்திருந்த காலித் தொட்டிக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி, கையை நீட்டிக் குப்புறப் படுத்துப் பார்த்தேன். விற்பனையாளருக்குச் சங்கடம்தான். படுக்காமல் வாங்காதீர்கள்.

கிரேன் வீட்டுக்கூரைக்கு மேலே தொட்டியைத் தூக்கி வந்து இறக்க இருபது நிமிடம் ஆனது. தெருவே வேடிக்கை பார்த்தது. தனி மின்சுற்று, பாதுகாப்பு ஸ்விட்ச், மின்பணியாளரின் சான்றிதழ் எல்லாம் முறைப்படி முடிந்தன. சிக்கல் தச்சு வேலையில் வந்தது.

தளத்தைத் திரும்பப் போட்ட ஒப்பந்தக்காரர் வேலையில் சுத்தமானவர். மெர்பாவ் என்ற கடின மரப் பலகைகளைத் தொட்டியின் நான்கு பக்கமும் விரல் நுழையாத இடைவெளியில் இழைத்துப் பொருத்தினார். பம்ப் இருக்கும் பக்கம் ஆள் நுழைய வழி வேண்டுமே என்று கேட்டேன். “தேவைப்பட்டால் இரண்டு பலகையைக் கழற்றிக்கொள்ளலாம்” என்றார். நானும் அழகில் மயங்கித் தலையாட்டிவிட்டேன். 2023 ஜூலையில் தண்ணீர் மட்டம் தினமும் இரண்டு விரற்கடை இறங்க ஆரம்பித்தது. பழுதுபார்க்க வந்தவர் பலகையைக் கழற்றினால், அடியில் உத்தரக்கட்டை குறுக்கே ஓடுகிறது. ஒரு கை போகும், தலை போகாது. கசிந்தது பம்பின் ஒரு ரப்பர் வளையம். விலை பத்து டாலருக்குள். அதை மாற்றுவதற்காகப் பதினான்கு பலகைகளையும் இரண்டு கட்டைகளையும் அறுத்தோம். ஒப்பந்தக்காரர் அதன்பின் தொலைபேசியை எடுக்கவில்லை.

இப்போது பம்ப் பக்கம் 70 சென்டிமீட்டர் அகலத்துக்குச் சட்டம் கட்டிய கதவுப் பலகைகள் இருக்கின்றன. கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினால் வந்துவிடும். மற்ற பக்கங்களிலும் தளத்துக்கு அடியில் தவழ்ந்து போகலாம். வாங்க நினைப்பவர்கள் தொட்டியின் விலைப்பட்டியலைப் பார்ப்பதற்கு முன்னால் அதைப் பழுதுபார்க்கப் போகிறவரின் தோள் அகலத்தை யோசியுங்கள். சூடு வெளியேறாமல் இருக்கத் தொட்டியின் வெளிப்புறம் முழுவதும் நுரை தெளித்துத் தருவதாகவும் சொல்வார்கள். நான் கழற்றக்கூடிய காப்புப் பலகைகளே போதும் என்றேன். நுரைக்குள் புதைந்த குழாயில் கசிவு வந்தால் அதைத் தேடுவது சுரங்க வேலை.

வெப்பம் பற்றி விளம்பரங்கள் சொல்லாத ஒன்று: நீந்துவதற்கு 27, 28 டிகிரி வேண்டும், உட்கார்ந்து ஊறுவதற்கு 36, 37. தண்ணீரோ ஒன்றுதான். 6,000 லிட்டரை ஒரு டிகிரி ஏற்ற ஏழு யூனிட் மின்சாரம். 28இலிருந்து 36க்குப் போக 56 யூனிட். மூன்று கிலோவாட் ஹீட்டருக்குக் கிட்டத்தட்ட 19 மணி நேர வேலை. காலையில் நீச்சல், மாலையில் வெந்நீர்க் குளியல் என்பது கனவு. நாங்கள் கோடையில் 27, குளிர்காலத்தில் 31 என்று வைத்துவிடுகிறோம். 31இல் பத்து நிமிடம் வேகமாக நீந்தினால் தண்ணீருக்குள்ளேயே வியர்க்கும், வியர்த்துக்கொள்கிறேன். முதல் குளிர்கால மின்கட்டணம் வந்தபோது வீட்டில் இரண்டு நாள் யாரும் என்னோடு சரியாகப் பேசவில்லை. அடுத்த ஆண்டு, வெளிக்காற்றின் சூட்டை எடுத்துத் தண்ணீருக்குத் தரும் ஹீட் பம்ப் பொருத்திக் கூரைச் சூரியத் தகடுகள் வேலை செய்யும் பகல் நேரத்தில் மட்டும் ஓட விட்டேன். செலவு மூன்றில் ஒரு பங்காகிவிட்டது.

நீச்சல் எப்படி? மூன்று துளைகளின் வழியாகப் பீய்ச்சும் தண்ணீர் ஆற்றோட்டம்போல இராது, கொந்தளிக்கும். முதல் மாதம் முகத்தில் அறைந்துகொண்டே இருந்தது. காற்றுக் கலக்கும் திருகை முழுக்க மூடியபின் நுரை அடங்கிச் சற்று மேலானது. சுழலி வைத்துத் தள்ளும் இயந்திரங்களில் ஓட்டம் அகலமாகவும் சீராகவும் இருக்கும், விலையும் அதற்கேற்றபடி. நான் கண்ட குறுக்குவழி, இடுப்பில் கட்டும் ரப்பர் கயிறு. ஒரு முனை இடுப்பில், மறு முனை பின்னால் ஒரு கம்பத்தில். பம்பைப் பாதி வேகத்தில் வைத்து, கட்டிப்போட்ட கன்றுக்குட்டிபோல அரை மணி நேரம் நீந்துகிறேன். இடுப்பு வலி மாத்திரை எடுத்து இரண்டு வருடமாகிறது.

தண்ணீரைப் பராமரிப்பதில் சோம்பல் கூடாது. குளம் பெரியது, மன்னித்துவிடும், தொட்டி மன்னிக்காது. நான்கு பேர் சூரியப் பாதுகாப்புக் களிம்போடு இறங்கினால் மறுநாளே கலங்கும். வாரம் இரண்டு முறை குளோரினும், அமில காரத் தன்மையைக் காட்டும் பிஹெச் அளவும் பார்க்கிறேன், பிஹெச் 7.2இலிருந்து 7.6க்குள். ஒருமுறை ஊருக்குப் போய்த் திரும்பி, சோதிக்காமல் இறங்கியதில் உடம்பெல்லாம் சிவப்புத் தடிப்பு. வெதுவெதுப்பான தண்ணீரில் குளோரின் தீர்ந்தால் வளரும் சூடோமோனாஸ் என்ற நுண்ணுயிரின் வேலை என்றார் மருத்துவர். வடிகட்டியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவுகிறேன். ஆண்டுக்கு ஒருமுறை குழாய்களுக்குள் படிந்த வழவழப்பை மருந்து விட்டுக் கரைத்து, தண்ணீரை முழுதாக மாற்றுகிறேன்.

தேய்மானம்: ஜெல்கோட் நீர்மட்டக் கோட்டில் சற்று வெளுத்திருக்கிறது, படிக்கட்டு மூலையில் சிலந்தி வலைபோல மெல்லிய கீறல்கள், மேற்பூச்சோடு சரி. மூடிதான் பரிதாபம். உள்ளே இருக்கும் நுரைப்பலகை ஆவியைக் குடித்துக் குடித்து, வாங்கியபோது ஒரு கையால் தூக்கியது இப்போது இரண்டு ஆள் வேலை. போதாததற்கு வெள்ளைக் காக்கட்டூக் கிளிகள் ஒரு மூலையைக் கொத்திப் பிய்த்துவிட்டன. மஞ்சள் கொண்டையைச் சிலிர்த்துக்கொண்டு, துரத்தினால் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து மறுபடியும் கொத்தும்.

ஊரிலிருந்து வந்திருந்த அம்மா முதல் நாள் பார்த்துவிட்டு, “என்னப்பா இது, மாட்டுக்குக் கழுநீர்த் தொட்டி மாதிரி இருக்கிறது?” என்றார். ஒரு வாரம் கழித்து, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, விளிம்பைப் பிடித்தபடி தண்ணீருக்குள் நடக்க ஆரம்பித்தார். மூட்டுவலிக்கு இதம் என்று, இருந்த மூன்று மாதமும் விடவில்லை. பம்பை மட்டும் போடவிட மாட்டார்.

விக்டோரியா மாநிலத்தில் 30 சென்டிமீட்டருக்கு மேல் தண்ணீர் நிற்கக்கூடிய நீச்சல்குளம், ஸ்பா எதற்கும் வேலி வேண்டும். பூட்டுகிற மூடி இருந்தாலும் விலக்கு இல்லை. சமையலறைக் கதவு இந்தத் தளத்தில்தான் திறக்கிறது என்பதால் நடுவே 1.2 மீட்டர் உயரக் கண்ணாடி வேலி போட்டுத் தளத்தை இரண்டாகப் பிரித்தோம். வேலிக் கதவு தானே மூடி, தானே தாழிட்டுக்கொள்ள வேண்டும். வெளிப்பக்கமாகத்தான் திறக்க வேண்டும். நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆய்வு. இந்த ஆண்டு வந்த ஆய்வாளர் கதவைப் பலமுறை திறந்துவிட்டு அது தாழிடுகிறதா என்று பார்த்தார், அளவுநாடாவை நீட்டினார், கடைசியில் என் கறிவேப்பிலைத் தொட்டியின் முன் நின்றார். வேலிக்கு அருகே 90 சென்டிமீட்டருக்குள் குழந்தை கால் வைத்து ஏறக்கூடிய எதுவும் இருக்கக் கூடாதாம். மெல்பர்ன் குளிரில் ஏழு வருடம் காப்பாற்றிய செடி. தள்ளி வைத்தபிறகுதான் சான்றிதழ் தந்தார். புதிய இடத்தில் வெயில் குறைவு, இலை சிறுத்துவிட்டது.