‘ஒரே கழுவலில் போய்விடும்’ என்றார்கள்: ஹேர் சோக் என்ற பெயரில் என் மகளுக்கு நடந்தது

கடந்த ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, திருகோணமலை நகரில் இயங்கும் ஓர் அழகுக்கலை நிலையத்தில், பத்தாம் தரத்தில் படிக்கும் என் மகளின் தலைமுடிக்கு நிறச்சோக் பூசுவதாகச் சொல்லிக் காசு வாங்கிக்கொண்டு, எங்கள் இருவரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல் அவளுடைய முடிக்குக் கருமையை எடுக்கும் பிளீச்சைப் பூசிவிட்டார்கள். பூசிய சோக்கின் பெரும்பகுதி மறுநாளே கழுவப்பட்டுவிட்டது. பிளீச் போகவில்லை; அது போகக்கூடியதும் அல்ல. முறைப்பாடு கொடுத்து முடிவுக்காகக் காத்திருப்பதால் நிலையத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் இதே வேலை வேறு நிலையங்களிலும் நடப்பதாக இரண்டு தாய்மார் என்னிடம் சொன்ன பிறகு, நடந்ததை முழுமையாக எழுதிவைப்பது நல்லது என்று தோன்றியது.

முதலில் நான் ஏன் சம்மதித்தேன் என்பதைச் சொல்லவேண்டும். என் மச்சாளின் மகனுக்கு இருபத்தோராவது பிறந்தநாள். உப்புவெளிக் கடற்கரையோரத்து விடுதி ஒன்றில் சனிக்கிழமை மாலை விருந்து வைத்திருந்தார்கள். கொழும்பிலிருந்து வரும் மச்சாள்மார் எல்லாரும் முடியில் இளஞ்சிவப்பும் நீலமுமாகக் கோடு போட்டுக்கொண்டு வருகிறார்களாம், தானும் போடவேண்டும் என்று மகள் இரண்டு கிழமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். பாடசாலைக்கு முடியில் சாயத்தோடு போகமுடியாது என்பது அவளுக்கும் தெரியும். சாயம் வேண்டாம், சோக் போதும், ஞாயிற்றுக்கிழமை தலை முழுகினால் திங்கட்கிழமை ஒன்றும் தெரியாது என்பதுதான் அவளுடைய வாதம். அந்த வாதம் நியாயமானதே. சோக் என்பது முடியின் மேல் ஒட்டியிருக்கும் நிறப்பொடிதான். முடிக்குள் இறங்கும் பொருள் அல்ல. ஆகவே, போய்விடுமா என்று அந்த நிலையத்தில் மூன்று தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு சரி என்றேன். சுவரில் ஒட்டியிருந்த அறிவித்தலிலும், ‘ஹேர் சோக் – ஒரே கழுவலில் போய்விடும்’ என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தது.

பேசிய விலை 2,500 ரூபா. முகத்தின் இரு பக்கத்திலும் இரண்டிரண்டாக நான்கு கற்றை, நுனியிலிருந்து ஒரு சாண் அளவுக்கு மட்டும் என்று நானே கையால் அளந்து காட்டினேன். “அக்கா, நீங்கள் இருந்து என்ன செய்யப்போறீங்கள், சந்தைக்குப் போட்டு வாங்கோ, ஒரு மணித்தியாலத்தில முடிஞ்சிடும்” என்று அங்கே வேலை செய்யும் பிள்ளை சிரித்த முகத்தோடு சொன்னாள். நானும் போய் மீன் வாங்கினேன். நான்கு கற்றை முடிக்குச் சோக் தேய்க்க ஒரு மணித்தியாலம் எதற்கு என்ற கேள்வி அப்போது எனக்கு எழவில்லை. எழுந்திருந்தால் இந்தப் பதிவு இல்லை.

திரும்பி வந்து கதவைத் திறந்ததும் ஒரு வாடை மூக்கில் குத்தியது. மகள் சுவரைப் பார்த்து அமர்ந்திருந்தாள். கண்களில் நீர் கட்டியிருந்தது. நான்கு கற்றைகளும் அலுமினியத் தாளில் மடித்துச் சுற்றப்பட்டு, வடை கட்டிய பொட்டலங்கள் போலக் காதோரம் தொங்கிக்கொண்டிருந்தன. என்ன இது என்று கேட்டதற்கு, “கலர் நல்லாப் பிடிக்கிறதுக்கு ஒரு கிறீம், அக்கா” என்று பதில் வந்தது. பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தில் தடித்த நீல வெள்ளைக் களி காய்ந்துகொண்டிருந்தது. அதற்குப் பிறகுதான் தாளைப் பிரித்து, கழுவி, உலர்த்தி, சோக்கைத் தேய்த்தார்கள். எழுந்து வரும்போது கேட்ட தொகை 6,500 ரூபா. “கிறீமுக்கு வேறை, அக்கா.” மகள் நேரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றதால் கொடுத்துவிட்டேன். பற்றுச்சீட்டு கேட்டேன், புத்தகம் முடிந்துவிட்டது என்றார்கள்.

உண்மையைச் சொல்வதானால், அன்று மாலை அது மிக வடிவாக இருந்தது. மங்கல் இல்லாத, தாமரை இதழ் போன்ற இளஞ்சிவப்பு. கொழும்புப் பிள்ளைகளுடையதைக் காட்டிலும் எடுப்பாக இருந்ததால் எல்லாரும் எங்கே செய்தது என்று கேட்டார்கள், நானும் அந்த இடத்தைச் சொன்னேன்; அந்த வெட்கம் எனக்கு இன்னும் உண்டு. கச்சான் காற்று ஓயாமல் வீசிய நாட்கள் அவை. இரவிலும் வெக்கை தணியாமல், எட்டு மணிக்கெல்லாம் வியர்வையோடு நிறம் கரைந்து, அவளுடைய வெள்ளைச் சட்டையின் கழுத்துப்பட்டியில் இறங்கியிருந்தது. சோக் என்றால் அப்படித்தான் இருக்கும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஞாயிறு காலை அவளுடைய அம்மம்மா வழக்கம்போல் தேங்காயெண்ணெய் வைத்து ஊறவிட்டு, கிணற்றடியில் இருத்தி ஷாம்பு போட்டுக் கழுவினார். முதல் வாளித் தண்ணீர் இளஞ்சிவப்பாக ஓடியது. மூன்றாவது வாளியில் தெளிந்துவிட்டது. ஆனால் நான்கு கற்றைகளும் கறுப்பாக மாறவில்லை. கயிறு திரிக்கும் தேங்காய்த் தும்பின் நிறத்தில், இடையிடையே இளஞ்சிவப்புப் படர்ந்து நின்றன. அம்மம்மா நம்பாமல் இன்னொரு முறை ஷாம்பு போட்டார். ஈரமான ஒரு முடியை விரலில் பிடித்து இழுத்தபோது அது ரப்பர் நாடா போல நீண்டு, பிறகு அறுந்தது. அவர் கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையை எழுதவேண்டியதில்லை.

நடந்தது என்ன என்று பிறகு அறிந்துகொண்டேன். கறுப்பு முடியின் மேல் எந்த நிறச்சோக்கைத் தேய்த்தாலும் நிறம் மங்கலாகத்தான் தெரியும்; அடியில் உள்ள கருமை அதை விழுங்கிவிடும். முடி வெளிறியிருந்தால் அதே சோக் பளிச்சென்று தெரியும். எங்கள் பிள்ளைகளின் முடியில் விளம்பரப் படத்தில் உள்ளதுபோல நிறம் வரவேண்டுமானால் முதலில் கருமையை எடுக்கவேண்டும், அதற்குத்தான் அந்த நீல வெள்ளைக் களி. பிளீச் பொடியை ஹைட்ரஜன் பெரொக்சைட் கலந்த திரவத்தில் குழைத்துப் பூசும்போது, முடியின் மேற்செதில்கள் விரிந்து, உள்ளே இருக்கும் மெலனின் என்ற நிறப்பொருள் சிதைகிறது. அந்தத் திரவம் 20, 30, 40 வொல்யூம் என்று விற்கப்படுகிறது. பெரொக்சைட்டின் அளவு முறையே 6, 9, 12 வீதம். அன்று எதைப் பயன்படுத்தினார்கள் என்று கேட்டேன், பதில் கிடைக்கவில்லை. கருமை முதலில் சிதைய, செந்நிறம் கலந்த நிறப்பொருள் பிந்தியே சிதைவதால், அரைவாசியில் நிறுத்தினால் முடி பொன்னிறமாக அல்லாமல் தும்பு நிறத்தில் நிற்கும். செதில்கள் சேதமடைந்த முடி பஞ்சுபோல ஆகிவிடுவதால், மேலோடு நிற்கவேண்டிய சோக்கின் நிறமும் அதற்குள் புகுந்துகொள்கிறது. கழுவியும் இளஞ்சிவப்பு மிஞ்சிய காரணம் அதுவே. தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர்தான் வளரும் என்பதால், இடுப்பைத் தொடும் அவளுடைய பின்னலில் இந்த நுனி தானாக வளர்ந்து கழியும் என்று காத்திருப்பதற்கும் வழியில்லை.

திங்கட்கிழமை இரட்டைப் பின்னல் போட்டு, நுனியை மேலே மடித்து ரிபன் கட்டியபோதுதான் இன்னொரு கெடுதல் தெரிந்தது: மடிப்பில் நுனி காதோரம் வந்து நிற்பதால், மறைக்கவேண்டிய இடமே முகப்பில் நின்றது. ஒழுக்கத்துக்குப் பொறுப்பான ஆசிரியை அவளைத் தனியே அழைத்து விசாரித்திருக்கிறார். நான் நேரில் சென்று நடந்ததைச் சொன்னபோது அவர் பொறுமையாகக் கேட்டு, இரண்டு கிழமை அவகாசம் தந்தார். கறுப்புச் சாயம் பூசி மறைக்கலாம் என்று உறவினர் சிலர் சொன்னார்கள். பல கறுப்புச் சாயங்களில் பிபிடி எனப்படும் பொருள் இருக்கிறது, அது சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கும், பூசுவதற்கு 48 மணித்தியாலத்துக்கு முன் தோலில் சிறிதளவு தடவிப் பார்க்கவேண்டும், பல பெட்டிகளில் 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு உகந்ததல்ல என்றே அச்சிட்டிருக்கிறார்கள். ஒரு தவறை மூட இன்னொன்றைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

அன்று பின்னேரமே அந்த நிலையத்துக்குப் போனேன். “வடிவாத்தானே இருந்தது, அக்கா” என்று தொடங்கினார்கள். பிளீச் செய்யப்போவதாக ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “கலர் வடிவாத் தெரியவேணும் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். பிளீச் இல்லாமல் கறுப்பு முடியில எப்பிடித் தெரியும்?” ஒரே கழுவலில் போய்விடும் என்று சுவரில் எழுதியிருக்கிறதே என்றேன். “சோக் போட்டுதுதானே?” என்றாள் அந்தப் பிள்ளை. அந்தப் பதிலில் ஒரு சொல்லும் பொய்யில்லை என்பதுதான் என்னை அதிகம் எரிச்சலூட்டியது. காசு வாங்கியது சோக்குக்கும் கிறீமுக்கும். போவதாக வாக்குக் கொடுத்தது சோக் மட்டும்.

தேய்த்த சோக்கைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். விருந்தில் நிறம் கலைந்தால் தொட்டுக்கொள்ளும்படி ஒரு துண்டைக் கடதாசியில் சுற்றி மகளிடம் கொடுத்துவிட்டிருந்தார்கள். அதில் பெயரும் இல்லை, உற்பத்தித் திகதியும் இல்லை, இறக்குமதி செய்தவர் யார் என்ற விவரமும் இல்லை. சித்திரப் பாடத்துக்காக மகன் வைத்திருந்த பேஸ்டல் பெட்டியிலிருந்து ஒரு குச்சியை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்: தடிப்பும் நீளமும் கடதாசியில் விழுந்த கோடும் ஒன்றாகவே இருந்தன. இரண்டும் ஒன்றுதான் என்று என்னால் நிரூபிக்கமுடியாது. ஓவியர்களுக்கான பேஸ்டல்களில் சிலவற்றில் கட்மியம், கோபால்ற்று போன்ற உலோகங்கள் சேர்ந்த நிறப்பொருட்கள் உண்டு. கடதாசியில் தீட்டுவதற்குச் செய்த பொருளைத் தலையில் தேய்த்து, அதன் தூசியைப் பிள்ளை மூச்சில் இழுக்க விடுவது சரியல்ல. கரும்பலகை வெண்கட்டியும் இதற்குரியதல்ல. அது கறுப்பு முடியில் நிற்பதுமில்லை.

பிறகு கொழும்பிலுள்ள தங்கச்சி மூலம், முடிக்கென்றே செய்த, உள்ளடக்கமும் இறக்குமதியாளர் முகவரியும் அச்சிட்ட ஒரு பெட்டியை வரவழைத்து என் தலையிலேயே போட்டுப் பார்த்தேன். தோளில் பழைய துவாயைப் போர்த்து, கற்றையைச் சற்று நனைத்து, முறுக்கிப் பிடித்துக்கொண்டு மேலிருந்து கீழாக மட்டும் சோக்கைத் தேய்த்து, காயவிட்டு, ஹேர் ஸ்ப்ரே அடித்தேன். (மேலும் கீழுமாகத் தேய்த்தால் முடி சிக்கிப் பறியும்.) ஒரு கற்றைக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, வாடை எதுவும் இல்லை. முடி வறண்டு சொரசொரப்பாக இருந்தது, ஏனென்றால் சோக் எண்ணெயையும் ஈரத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். நிறம் அடக்கமாகத்தான் தெரிந்தது. நீலமும் ஊதாவும் பரவாயில்லை, மஞ்சள் சாம்பல் பூசியதுபோல இருந்தது. தலையணை உறை நாசம். கறுப்பு முடியில் ஒரே கழுவலில் எல்லாம் போனது. காதோரத்து நரையில் மட்டும் இளஞ்சிவப்பு நான்கு நாள் நின்று, அலுவலகத்தில் எல்லாருக்கும் பொழுதுபோக்கானது. வெளிர்நிற முடிக்குச் சோக் போடுபவர்கள் நனைக்காமல் உலர்ந்தபடியே போடவேண்டும் என்பது இதனால்தான்.

ஆகவே பிள்ளைகளை அழைத்துச் செல்பவர்களுக்குச் சொல்கிறேன். சோக் பூசுவதற்குத் தண்ணீர், சோக், சீப்பு, ஸ்ப்ரே தவிர வேறொன்றும் தேவையில்லை. கிண்ணத்தில் எதையாவது குழைக்கிறார்கள் என்றால், அலுமினியத் தாளை வெட்டுகிறார்கள் என்றால், பூசிவிட்டு அரை மணித்தியாலம் காத்திருக்கச் சொல்கிறார்கள் என்றால், அந்த இடத்திலேயே எழுந்துவிடுங்கள். சந்தைக்குப் போகவேண்டாம். பிளீச் செய்யக்கூடாது என்பதை வாயால் சொல்லுங்கள், ஏனென்றால் நான் சொல்லாதது எனக்கு எதிராகத் திரும்பியது. காசு கொடுக்குமுன் பற்றுச்சீட்டை வாங்குங்கள்.

இப்படி நடந்தால் முறைப்பாடு செய்ய, பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் முறைப்பாட்டை எழுத்தில், மூன்று மாதத்துக்குள் கொடுக்கவேண்டும். என்னிடம் பற்றுச்சீட்டு இல்லாததால், சனிக்கிழமை இரவு எடுத்த படங்களையும் ஞாயிறு காலைப் படங்களையும், சுவரில் இருந்த அறிவித்தலைப் பின்னணியில் வைத்து மகள் தன் கைத்தொலைபேசியில் எடுத்திருந்த ஒரு படத்தையும் சேர்த்துப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். ஆசிரியை தந்த அவகாசம் முடிவதற்கு முதல் நாள், அம்மம்மாவே கத்தரிக்கோலை எடுத்து, பின்னல் சமனாக வரும்படி எல்லா முடியையும் ஒரு சாண் வெட்டினார். தும்பு நிறக் கற்றைகள் நான்கும் ஒரு கடித உறையில், திகதி எழுதி, அலுமாரியில் இருக்கின்றன; விசாரணைக்கு அழைத்தால் கொண்டுபோவேன்.

சென்ற கிழமை அந்த நிலையத்தைக் கடந்து போனபோது எட்டிப் பார்த்தேன். சுவரில் அந்த அறிவித்தல் அப்படியே இருந்தது. 2,500 என்பதை மட்டும் அடித்து 3,000 என்று எழுதியிருந்தார்கள்.