முதல் சண்டைக் கப்பல்: எம்டனா, வார்ஸ்பைட்டா, ஃபான் டெர் டானா?

அக்கா மகனுக்கு 16 வயது. தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தவன் சாப்பாட்டு மேசையில் ஒரு ஜப்பானியப் போர்க்கப்பலின் படத்தை விரித்து வைத்து, "மாமா, எனக்கு யமாட்டோ கட்டிக் குடுங்க" என்றான். நான் பதில் சொல்லவில்லை. டேப்பை எடுத்துக் கூடத்துத் தரையில் இழுத்துக் காட்டினேன். மாதிரிக் கப்பல்தான், ஆனாலும் 1.83 மீட்டர். அவனையே அங்கே படுக்க வைத்தாலும் கப்பல்தான் நீளம். "24 கிலோ இருக்கும், யார் தூக்குவா?" என்று கேட்டேன். அதற்குப் பிறகுதான் நாங்கள் உருப்படியாகப் பேச ஆரம்பித்தோம்.

மொரிஷியஸில் மாதிரிக் கப்பல் என்றாலே கண்ணாடிப் பெட்டிக்குள் தேக்கு மரத்தில் பாய் விரித்து நிற்கும் கப்பல்தான் ஞாபகம் வரும். கியூர்பீப்பிலும் குட்லண்ட்ஸிலும் அதற்கென்றே பட்டறைகள் உண்டு. நான் சொல்வது அது இல்லை. 1970-களின் கடைசியில் அமெரிக்காவின் டெக்ஸாஸில் தொடங்கிய பைத்தியம் இது. இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் ஓடிய போர்க்கப்பல்களை 144-இல் ஒரு பங்கு அளவில் கட்டி, ரிமோட்டில் ஓட்டி, நிஜமாகவே ஒன்றையொன்று சுட்டு மூழ்கடிப்பார்கள். குண்டு எஃகு உருண்டை. அதைத் தள்ளுவது கரியமில வாயு. கப்பலின் பக்கம் பால்சா என்ற லேசான மரத்தின் மெல்லிய பலகை, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. துளை விழும், தண்ணீர் ஏறும், உள்ளே இருக்கும் பம்ப் இறைக்கும். பம்ப் தோற்றால் கப்பல் அடியில். கயிறு கட்டிய ஒரு மிதவை மட்டும் மேலே வந்து நிற்கும்.

விளையாட்டில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்றில் எல்லாக் கப்பலும் 4.5 மில்லிமீட்டர் உருண்டையைத்தான் சுட வேண்டும். வேகமும் கொஞ்சம் தாராளம். இன்னொன்றில் நிஜக் கப்பலின் பீரங்கி எவ்வளவு பெரிதோ அதற்கேற்ப உருண்டையும் பெரிதாகும், கால் அங்குலம் வரை போகும். பலகையின் கனமும் கப்பலுக்குக் கப்பல் மாறும். தொடங்குகிறவர் முதல் வகையில் தொடங்குவது நல்லது. ஒரே அளவு உருண்டை என்றால் உதிரிபாகம் நண்பனிடம் கடன் வாங்கலாம். தீவில் இதை விளையாடும் நாங்கள் நாலே பேர், கடன் வாங்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் ஓடியதில்லை.

இனி கப்பல்கள். என் முதல் கப்பல் எம்டன். காரணம் வெட்கக்கேடு: பெயர். 1914 செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்துவிட்டுப் போன ஜெர்மன் கப்பல் அது. தமிழில் "அவன் சரியான எம்டன்" என்று சொல்ல வைத்த கப்பலை விட்டு வேறு எதைக் கட்டுவது? 82 சென்டிமீட்டர் நீளம், கைக்கு அடக்கம், செலவும் குறைவு என்று நினைத்தேன்.

நினைத்தது எல்லாம் தப்பு. நீளம் 144-இல் ஒரு பங்கு ஆகும்போது எடை ஏறத்தாழ 30 லட்சத்தில் ஒரு பங்காகிவிடும். 4,268 டன் எம்டன் சுமக்கக்கூடியது மொத்தமே 1.4 கிலோ. வாயுக் குப்பி, பேட்டரி, பம்ப், சர்வோ (சுக்கானைத் திருப்பும் சின்ன மோட்டார்), ரிசீவர் (ரிமோட்டின் கட்டளையை வாங்கும் கருவி) என்று தராசில் வைத்தால், கப்பலின் உடல் இல்லாமலேயே ஒரு கிலோவைத் தொட்டது. அகலமோ ஒன்பதரை சென்டிமீட்டர். குப்பியைப் படுக்க வைக்க இடமில்லாமல் சாய்த்து வைத்தேன், எடை மேலே ஏறியது. கரும்புத் தோட்டத்துப் பாசெனில், அதாவது நீர்த்தேக்கத்தில், முதல் நாள். சுக்கானை முழுசாகத் திருப்பினேன். கப்பல் ஒரு பக்கம் சாய்ந்தது, ஒரு நொடி யோசித்தது, அப்புறம் அடிவயிற்றைக் காட்டிப் படுத்துவிட்டது. எதிரி யாரும் ஒரு குண்டுகூடச் சுடவில்லை. அன்று முழுதும் நண்பர்கள் என்னை எம்டன் என்றே கூப்பிட்டார்கள்.

அதனால் இப்போது எந்தக் கப்பலைப் பார்த்தாலும் அகலத்தைத்தான் முதலில் கேட்கிறேன்.

அந்தக் கணக்கில் கிராஃப் ஷ்பே என்ற ஜெர்மன் கப்பல் நடுவில் நிற்கிறது. 1939 நவம்பரில் மடகாஸ்கருக்குத் தெற்கே, நம் பக்கத்துக் கடலுக்கே வந்துபோன கப்பல், அதனால் இங்கே பலருக்கு அதன் மேல் ஒரு கண். 1.29 மீட்டர் நீளம், 15 சென்டிமீட்டர் அகலம், சுமார் 5.4 கிலோ. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டே பீரங்கிக் கோபுரம், வேலை எளிது. ஆனால் நீளத்துக்கு அகலம் போதாது, கை உள்ளே போகாது. ஓ-ரிங் எனும் ரப்பர் வளையம் ஒன்றை மாற்ற மேல்தளம் முழுவதையும் கழற்ற வேண்டியிருக்கும். இரண்டாவது கப்பலாகக் கட்டுங்கள்.

உண்மையான போட்டி வார்ஸ்பைட்டுக்கும் ஃபான் டெர் டானுக்கும்தான். முன்னது பிரிட்டிஷ், பின்னது ஜெர்மன். இரண்டும் முதல் உலகப் போரில், 1916 மே 31-ஆம் தேதி ஜட்லாண்ட் கடற்சண்டையில் எதிரெதிர்ப் பக்கம் இருந்தவை.

வார்ஸ்பைட் 1.36 மீட்டர், 19 சென்டிமீட்டர் அகலம், 11 கிலோ. அகலத்தைப் பார்த்தால் மனசு நிறைகிறது. குப்பி நடுவில் அடியில் படுக்கும், இரண்டு பக்கமும் பேட்டரி, பம்புக்குத் தனி இடம். பெரிய கப்பலுக்கு விதிகள் கூடுதல் அலகுகள் தரும். அதைத் துப்பாக்கியாக்கலாம், பம்பாகவும் ஆக்கலாம். கோபுரங்கள் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று நேராக நிற்பதால் குழாய் இழுப்பதும் சுலபம். பிரச்சினை 11 கிலோ. தண்ணீர் புகுந்து அடியில் கிடக்கும் 11 கிலோ கப்பலை, சேறு வழுக்கும் பாசென் ஓரத்தில் நின்று தூக்கிப் பாருங்கள், புரியும். (ஜட்லாண்டில் நிஜ வார்ஸ்பைட்டின் சுக்கான் மாட்டிக்கொண்டு, எதிரி முன்னாலேயே வட்டமடித்தது. எங்கள் கூட்டத்திலும் முதலில் போவது எப்போதும் சுக்கான் சர்வோதான்.)

ஃபான் டெர் டான் 1.19 மீட்டர், பதினெட்டரை சென்டிமீட்டர் அகலம், 7 கிலோ. வார்ஸ்பைட்டைவிட 17 சென்டிமீட்டர் குட்டை, அகலத்தில் ஒரு விரல்கூடக் குறைவில்லை. இதுதான் எனக்குப் பிடித்த விஷயம். குட்டையும் அகலமுமாக இருப்பதால் சீக்கிரம் திரும்பும், திரும்பும்போது சாயாது. சண்டையில் பாதி வேலை எதிரியின் பின்பக்கத் துப்பாக்கிகளை விட்டு விலகுவது, அதற்குத் திரும்பத் தெரிந்த கப்பல் வேண்டும். ஒரு பையனால் தனியாகத் தூக்க முடியும். காரின் பின்சீட்டில் குறுக்கே வைக்கலாம்.

குறையும் இருக்கிறது. பக்கவாட்டில் வரிசையாகச் சின்னப் பீரங்கிகளுக்கான குழிவுகள். முதல் தடவை பால்சா ஒட்டுகிறவருக்கு அந்த வளைவுகள் தலைவலி. நடுவில் இருக்கும் இரண்டு கோபுரங்களும் நேர்க்கோட்டில் இல்லாமல் ஆளுக்கொரு பக்கம் விலகி நிற்பதால் வாயுக் குழாயைக் கோணலாக இழுக்க வேண்டும். நிஜக் கப்பலுக்கும் பீரங்கியில் கஷ்டகாலம்தான்: ஜட்லாண்டில் இன்டிஃபாட்டிகபிள் என்ற பிரிட்டிஷ் கப்பலை மூழ்கடித்த பிறகு, அடிபட்டும் பழுதாகியும் பெரிய பீரங்கிகள் எல்லாமே ஓய்ந்துபோயின. இருந்தும் வரிசையை விட்டுப் போகாமல் நின்றது, எதிரியின் குண்டு மற்றக் கப்பல்களின் மேல் திரும்பிவிடக் கூடாது என்று. எங்கள் கூட்டத்தில் குண்டு தீர்ந்தவன் செய்யும் வேலையும் அதேதான்.

யமாட்டோவை விட்டுவிட்டேனே என்று மருமகன் முறைத்தான். சரி, ஒரு வரி: துப்பாக்கி நிறைய, திரும்ப இடம் நிறைய வேண்டும், தண்ணீரில் இறங்கியதும் மூன்று பேர் அதையே சுடுவார்கள்.

எந்தக் கப்பலாக இருந்தாலும் நம் ஊரில் பார்க்க வேண்டியது வேறு இருக்கிறது. ஃபைபர் உடலை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் கப்பல் விலையைவிட அனுப்பும் கூலி கூடும். பிரோக் என்ற மீன்பிடிப் படகைப் பழுதுபார்க்கும் இடங்களில் ஃபைபர் வேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். விலா எலும்புச் சட்டத்தை வெட்ட, கப்பல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவரைப் பிடித்தால் போதும். எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஃபான் டெர் டான் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "பாயே இல்லையே, இதில் என்ன வேலை இருக்கிறது?" என்றார். கப்பலின் பக்கத்தில் ஓட்டை விழுவதற்கென்றே ஜன்னல் விட வேண்டும் என்றதும் அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

வாயுக் குப்பியை நிரம்பிய நிலையில் விமானத்தில் வரவழைக்க நினைக்காதீர்கள். காலியாக வாங்கி, தீயணைப்புக் கருவி நிரப்பும் கடையில் கேளுங்கள். சுடும் சமாச்சாரம் என்பதால் பணம் கட்டும் முன்பே சுங்கத்திலும் காவல் நிலையத்திலும் விசாரித்துவிடுவது நல்லது. வெயிலும் ஒரு விஷயம். கரியமில வாயு 31 டிகிரிக்கு மேல் திரவமாக நிற்காது, குப்பிக்குள் அழுத்தம் எகிறும். கியூர்பீப் குளிரில் பிரச்சினை இல்லை. இங்கே டிசம்பர் கோடைகாலம், மதியம் கடற்கரைப் பக்கம் காருக்குள் குப்பியை விட்டுப் போவது முட்டாள்தனம். அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டர் இல்லாமல் குப்பியைத் துப்பாக்கியில் இணைப்பது அதைவிடப் பெரிய முட்டாள்தனம். கடலோர லகூனில் கப்பலை விடவே விடாதீர்கள். உப்புத் தண்ணீர் ஒரு தடவை ஏறினால் ரிசீவர் முடிந்தது. பார்க்க வருகிறவர் உட்பட எல்லாரும் பாதுகாப்புக் கண்ணாடி போட வேண்டும்.

மருமகன் தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் இரண்டு கப்பலின் அளவையும் எழுதிக்கொண்டான். டேப்பைப் பிடுங்கிக்கொண்டு வெளியே போனான். அக்காவின் காரின் பின்சீட்டை இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவு வரை அளந்துவிட்டு, அங்கிருந்தே கத்தினான்: "மாமா, வார்ஸ்பைட் ஜன்னல்ல இடிக்குது!"