பொம்மைக்கு உயிர் வந்தால் யார் பொறுப்பு? மூன்று படங்கள்

பொம்மைகளுக்கு உயிர் வரும் படம் என்றதும் எல்லோரும் கை காட்டுவது 1995 நவம்பரில் வந்த 'டாய் ஸ்டோரி'யைத்தான். அதே ஆண்டு ஜூலையில் வந்த 'தி இண்டியன் இன் தி கபோர்ட்' பலருக்கு நினைவிலேயே இல்லை. 1998இல் வந்த 'ஸ்மால் சோல்ஜர்ஸ்' அதிரடிப் பிரியர்களுக்கானது. மூன்றையும் சமீபத்தில் அடுத்தடுத்துப் பார்த்தேன்.

'டாய் ஸ்டோரி' பற்றிப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? முழுக்கக் கணினியிலேயே உருவான முதல் முழுநீளப் படம், 81 நிமிடம், ஒரு காட்சிகூட வீண் இல்லை. பொம்மைகளுக்கு எப்போதும் உயிர் உண்டு. மனிதர் தலை தெரிந்தால் தொப்பென்று விழுந்துவிடும். தான் நிஜ விண்வெளி வீரன் என்று நம்பும் 'பஸ்' என்ற பொம்மை, டிவி விளம்பரத்தில் தன்னைப் போலவே அடுக்கடுக்காக பஸ்களைப் பார்க்கிறான். அப்படியும் நம்ப மனமில்லாமல் மாடிப்படியிலிருந்து பறக்கப் பார்த்து, கீழே விழுந்து கை கழன்று கிடக்கிறான். சிரிப்புப் படத்துக்குள் இப்படி ஒரு காட்சி வைக்கத் தனி தைரியம் வேண்டும். ஆனால் இங்கே கவலை எல்லாம் பொம்மைகளுக்குத்தான். பொம்மைகளின் சொந்தக்காரச் சிறுவன் ஆண்டிக்குக் கடைசிவரை எதுவும் தெரியாது.

'கபோர்ட்' இதற்கு நேர் எதிர். லின் ரீட் பேங்க்ஸின் நாவலை வைத்து ஃபிராங்க் ஆஸ் இயக்கியது. பிறந்தநாளுக்கு வந்த பழைய அலமாரிக்குள் பிளாஸ்டிக் பொம்மையை வைத்துச் சாவியைத் திருப்புகிறான் ஓம்ரி. வெளியே வருவது விரல் நீள மனிதன், லிட்டில் பேர். அமெரிக்கப் பழங்குடியான இரோக்குவா இனத்தவன், 18ஆம் நூற்றாண்டில் அவனுக்கென்று சொந்த வாழ்க்கை இருக்கிறது. விஷயம் அங்கேதான் கனக்கிறது. லிட்டில் பேருக்கு வில் வேண்டும் என்று ஒரு முதியவர் பொம்மைக்கு ஓம்ரி உயிர் கொடுக்கிறான். அவரோ எதிரே நிற்கும் ராட்சதச் சிறுவனைப் பார்த்த அதிர்ச்சியில் இறந்துபோகிறார். இனி இதை விளையாட்டு என்று சொல்ல முடியுமா? கிராஃபிக்ஸ் இன்று பழசாகத் தெரியும், வேகமும் குறைவு. இருந்தாலும், கையில் அதிகாரம் வந்த குழந்தை தயங்கி நிற்பதை இவ்வளவு பொறுமையாகக் காட்டிய வேறு குழந்தைப் படத்தை நான் பார்த்ததில்லை. வசூலில் தோற்றது வேறு கதை.

'ஸ்மால் சோல்ஜர்ஸ்' பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். ராணுவத்துக்காகச் செய்த சிப்பைப் பொம்மைக்குள் பொருத்திவிடுகிறார்கள். கமாண்டோ பொம்மைகள் வீட்டுக்குள் நிஜ யுத்தமே நடத்துகின்றன. ஆணி அடிக்கும் துப்பாக்கி, மொட்டையடித்துச் சிதைத்த பெண் பொம்மைகள் என்று கொஞ்சம் கொடூரம்தான். அமெரிக்காவிலேயே பிஜி-13 சான்றிதழ், அதாவது பதிமூன்று வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் யோசிக்க வேண்டும். நான் ரசித்தது முடிவை: நிறுவனத்தின் தலைவர் வந்திறங்கி, அழிந்த வீடுகளுக்குச் செக் எழுதிக் கொடுத்து வாயை அடைத்துவிட்டுக் கிளம்புகிறார். பொறுப்பு முடிந்ததாம்!

சரி, எதைப் போடுவது? ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைக்கு யோசிக்காமல் 'டாய் ஸ்டோரி'. 'ஸ்மால் சோல்ஜர்ஸை' பதிமூன்று தாண்டிய பிறகு நண்பர்களோடு அவர்களே பார்த்துக்கொள்ளட்டும். ஒன்பது, பத்து வயதில் கேள்வி கேட்டுத் துளைக்கும் பிள்ளை இருந்தால் என் ஓட்டு 'கபோர்டு'க்கு. கூடவே உட்காருங்கள், அந்த முதியவர் காட்சிக்கு அப்புறம் படத்தை நிறுத்த வேண்டியிருக்கும்.