பில்டு ஃபோல்டரைத் தனியே வைத்த கதை

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்களுடையது மூன்று பேர் ஆபீஸ். லாரி எடைமேடைகளுக்கு சி பிளஸ் பிளஸ்ஸில் மென்பொருள் எழுதித் தருகிறோம். எழுதிய நிரலை (சோர்ஸ்) ஓடும் எக்ஸி கோப்பாக மாற்றும் வேலைதான் பில்டு; அதை நடத்தித் தரும் சிமேக் என்ற கருவியைப் பயன்படுத்த ஆரம்பித்து நான்கு வருடம் ஆகிறது. முதல் ஆறு மாதம் சோர்ஸ் கிடக்கும் ஃபோல்டரிலேயேதான் பில்டும். சிமேக் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் கேஷ் கோப்பு, இடையில் உருவாகும் ஆப்ஜெக்ட் கோப்புகள், எக்ஸி எல்லாம் ஒரே குப்பை.

வினை வந்தது நெல்லிக்குப்பம் சாலையில் ஓர் எடைமேடையில். பென்டிரைவில் கொண்டுபோன எக்ஸியைத் திறந்தால், விசிரன்டைம்140டி என்ற டிஎல்எல் (எக்ஸி ஓடத் தேவையான துணைக் கோப்பு) இல்லை என்கிறது. கடைசியில் இருக்கும் அந்த 'டி'தான் டீபக், அதாவது நாங்கள் பிழை தேடுவதற்கான பில்டு. வெளியே கொடுக்க வேண்டிய ரிலீஸ் பில்டுக்குப் பதில் அதை எடுத்துப் போயிருக்கிறேன். மைக்ரோசாஃப்டின் நிரல் எழுதும் மென்பொருளான விஷுவல் ஸ்டுடியோ இல்லாத கணினியில் அந்த டிஎல்எல் இருக்காது, நாம் கொடுக்கவும் உரிமமில்லை. வெளியே கரும்பு லாரிகள் வரிசையில். "என்ன தம்பி, ஆபீஸ்ல ஓடுச்சுன்னீங்களே?" என்றார் உரிமையாளர். ஓடியது உண்மைதான்!

அன்றிலிருந்து பில்டுக்குத் தனி ஃபோல்டர். சிமேக் 3.13 பதிப்பு முதல் மைனஸ் எஸ், மைனஸ் பி என்று சோர்ஸையும் பில்டையும் ஒரே வரியில் சொல்லிவிடலாம். அப்புறம் எக்ஸி எந்த ஃபோல்டரில் விழ வேண்டும் என்று சொல்லும் ரன்டைம் அவுட்புட் டைரக்டரியை அமைத்தேன். அரை நாள் போனதுதான் மிச்சம். எக்ஸியை அறிவிக்கும் ஆட் எக்ஸிக்யூட்டபிள் வரிக்குக் கீழே அதை எழுதியிருந்தேன். டார்கெட் (அந்த வரி அறிவிக்கும் எக்ஸி) உருவாகும்போது இருக்கும் மதிப்பைத்தான் சிமேக் எடுத்துக்கொள்ளும். இன்னொன்று, விண்டோஸில் டிஎல்எல்லும் ரன்டைம் கணக்கில்தான் சேரும், லைப்ரரி கணக்கில் அல்ல.

விஷுவல் ஸ்டுடியோவுக்கு பில்டு செய்தால், நாம் சொன்ன இடத்துக்குள் டீபக், ரிலீஸ் என்று சிமேக் தானாக ஃபோல்டர் போடும். எரிச்சலாக இருந்தது. பாதையில் ஜெனரேட்டர் எக்ஸ்பிரஷன் (சிமேக் பின்னர் மதிப்பிடும் ஒரு குறியீடு) ஒன்றைச் சேர்த்தால் போடாது என்று தெரிந்ததும் சேர்த்தேன். சரி, என்ன ஆனது? டீபக் எக்ஸி ரிலீஸ் எக்ஸியின் மேலேயே உட்கார்ந்தது. பழைய நோயை நானே காசு கொடுக்காமல் வாங்கி வந்தேன். மறுநாளே எடுத்துவிட்டேன்.

லேப்டாப் மாற்றியபோது பில்டு ஃபோல்டரையும் சேர்த்து காப்பி செய்து பார்த்தேன். கேஷில் பழைய முழுப் பாதை இருப்பதால் சிமேக் ஒப்புக்கொள்ளவில்லை. அழித்துவிட்டுப் புதிதாக பில்டு செய்தேன்.

இப்போது பென்டிரைவுக்குப் போவது சிமேக்கின் இன்ஸ்டால் கட்டளை ரிலீஸிலிருந்து எடுத்துத் தரும் ஃபோல்டர் மட்டும்தான். அதிலும் ஒரு குறை: நாம் கைவிட்ட பழைய டிஎல்எல்களை அது நீக்குவதில்லை. அதனால் முதலில் அந்த ஃபோல்டரை அழித்துவிட்டு இன்ஸ்டால் செய்யும் பேட்ச் (.bat) கோப்பு ஒன்றை டெஸ்க்டாப்பிலேயே வைத்திருக்கிறேன்.