வயிற்றுக் குழந்தையின் அசைவை அறிய ஒரு செயலி: கவுண்ட் தி கிக்ஸ்

கருவுற்ற 28-ஆம் வாரத்திலிருந்து குழந்தையின் அசைவை நாள்தோறும் கவனிக்கும்படி மருத்துவர்கள் சொல்வதுண்டு. ஆனால் எது இயல்பு, எப்போது உடனே கிளம்ப வேண்டும் என்பதைப் பொறுமையாக விளக்க, வெளியே காத்திருக்கும் கூட்டம் அவர்களை விடுவதில்லை. அந்தக் குறையைக் கைபேசி தீர்க்குமா என்று அறியவே, பேறுகாலத்தின் கடைசி மாதங்களில் 'கவுண்ட் தி கிக்ஸ்' செயலியைப் பயன்படுத்தினேன். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், பெண் குழந்தைகளைப் பறிகொடுத்த ஐந்து தாய்மார்கள் தொடங்கிய அமைப்பு இதை இலவசமாக வழங்குகிறது.

பயன்படுத்துவது எளிது. குழந்தை வழக்கமாகத் துள்ளும் வேளையில், ஒருக்களித்துப் படுத்தோ சாய்ந்து அமர்ந்தோ, ஒவ்வோர் அசைவுக்கும் திரையைத் தொட வேண்டும். உதையும் புரளலும் கணக்கில் சேரும்; விக்கல் அனிச்சையாக வருவதால் சேராது. பத்து அசைவுகளுக்கு ஆன நேரம் பதிவானதும், அசைவின் வலுவை 1 முதல் 5 வரை மதிப்பிடலாம். செயலியின் சிறந்த பகுதியாக நான் கருதுவது இதைத்தான். எண்ணிக்கை பத்தை எட்டியிருந்தாலும், நேற்று விலாவில் இடித்த கால் இன்று மெல்ல வருடுவதோடு நின்றுவிட்டால், அது மருத்துவரிடம் உடனே சொல்ல வேண்டிய மாற்றம். இப்படிப் பதிந்துவரும்போது, மாலையில் எத்தனை நிமிடத்தில் பத்து நிறையும் என்பது தாய்க்கே பழக்கமாகிவிடுகிறது. 20 முதல் 40 நிமிடம் வரை குழந்தை அசையாமல் உறங்குவது இயல்பே என்று அறிந்திருப்பதும் வீண் கலக்கத்தைக் குறைக்கிறது.

இருப்பினும், செயலி இருந்தாலே குழந்தை காப்பாற்றப்பட்டுவிடும் என்று எவரும் எண்ணக் கூடாது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் கைபேசி வழியே அசைவைப் பற்றிக் கற்பித்த 'மை பேபிஸ் மூவ்மென்ட்ஸ்' ஆய்வு 27 மருத்துவமனைகளில் நடந்தும், குழந்தை இறந்து பிறப்பது குறிப்பிடத்தக்க அளவு குறைந்ததாக நிறுவப்படவில்லை. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 4 இலட்சத்துக்கும் மேற்பட்ட கர்ப்பங்களைக் கணக்கிலெடுத்து 2018-இல் வெளியான 'அஃபர்ம்' ஆய்விலும், விழிப்புணர்வூட்டலோடு மருத்துவமனை நடைமுறையை மாற்றியபின், இறந்து பிறப்போர் விகிதம் ஆயிரத்துக்கு 4.40-லிருந்து 4.06 ஆனது, இதுவும் தற்செயலாக நேரக்கூடிய அளவு வேறுபாடே என்பதால் உறுதியான குறைவாகக் கொள்ளத் தக்கதன்று. மாறாக, வலி தூண்டிய பேறும் சிசேரியனும் கூடின. தாய் கவனித்துச் சொன்னபின் மருத்துவமனை என்ன செய்கிறது என்பது செயலிக்கு வெளியே உள்ள காரியம். அது எத்தனை முக்கியம் என்பதை இந்த முடிவுகள் உணர்த்துகின்றன.

ஆகவே கற்பிக்கும் கருவியாகவே இவ்வகைச் செயலிகளை மதிப்பிடுகிறேன். மாதம் நிறைந்தால் குழந்தையின் அசைவு குறையும் என்ற தவறான நம்பிக்கையை அவை அழுத்தமாக மறுக்க வேண்டும். வீட்டிலேயே குழந்தையின் இதய ஒலியைக் கேட்க உதவும் டாப்ளர் கருவியில் துடிப்பு கேட்கிறதே என்று காத்திருக்கக் கூடாது, அசைவு குறைந்ததாகத் தோன்றினால் இரவானாலும் மருத்துவமனையை அழைக்க வேண்டும் என்பவை எண்ணும் பொத்தானுக்கு முன்பே கண்ணில் பட வேண்டும். எழுத்து வாசிக்கச் சிரமப்படும் பெண்களுக்கும், வீட்டில் ஒரே கைபேசியைப் பலரோடு பகிர்பவர்களுக்கும் குரல்வழிச் செய்தியே பொருந்தும். கைபேசியைத் தானே வைத்திருந்து, எண்ணுவதால் பதற்றம் கூடாத கர்ப்பிணிக்கு இச்செயலியைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். பதிவுகளை ஒவ்வொரு பரிசோதனையின்போதும் மருத்துவரிடமோ செவிலியரிடமோ திறந்து காட்டுவது நல்லது.