அம்பாசிடரில் எலக்ட்ரிக் ஃபேன்: நாலு கோடை ஓட்டிய பிறகு

எங்கள் வண்டி 1978 மாடல் அம்பாசிடர் மார்க் 3, 1489 சிசி பெட்ரோல். அப்பா ஓட்டிய காலத்தில் மதுரைக்குள் இத்தனை சிக்னல் கிடையாது. என் கைக்கு வந்தபிறகு கோரிப்பாளையம் தாண்டுவதற்குள் ஹீட் முள் சிவப்பைத் தொட்டுவிடும். ஓரங்கட்டி பானெட்டைத் தூக்கிவிட்டு நின்ற மத்தியானங்கள் நிறைய.

பழைய ஃபேன் வாட்டர் பம்ப் புல்லியோடு சேர்ந்து சுற்றுவது. நெரிசலில் இன்ஜின் ஐடிலிங்கில் நின்றால் அதுவும் சோர்ந்துதான் சுற்றும். நாலுவழிச் சாலையில் எதிர்காற்றே போதும் என்கிறபோதோ, இன்ஜின் பலத்தைத் தின்றுகொண்டு வேகமாகச் சுற்றும். வேண்டிய நேரத்தில் காற்று இல்லை, வேண்டாத நேரத்தில் வீண்.

அதனால் பேட்டரியில் ஓடும் மாருதி 800 எலக்ட்ரிக் ஃபேன் ஒன்றை வாங்கிக்கொண்டு ரேடியேட்டர் பட்டறைக்குப் போனேன். "தம்பி, ஃபேன் இருக்கட்டும். மொதல்ல இதுக்குள்ள தண்ணி ஓடுதான்னு பாப்போம்" என்று மேல் டேங்கைப் பிரித்தார் பட்டறை அண்ணன். குழாய்களில் பாதிக்குமேல் அடைப்பு. உள்ளே சுண்ணாம்பு பூசியது மாதிரி வெள்ளைப் படிவம். வருசக்கணக்காக போர் தண்ணீர் ஊற்றியதன் பலன். இதைச் சுத்தம் செய்யாமல் எந்த ஃபேன் போட்டாலும் காசுக்குக் கேடு. அன்றிலிருந்து டிஸ்டில்டு வாட்டரும் கூலண்ட்டும் மட்டும்தான். சூட்டைப் பார்த்து ஃபேனைப் போட்டு அணைக்கும் டெம்பரேச்சர் சுவிட்சை மாட்ட, டேங்கிலேயே ஒரு பித்தளை புஷ் (வளையம்) பற்றவைத்துத் தந்தார். ஃபேன் 92 டிகிரியில் ஓடும், 87-ல் நிற்கும்.

பழைய இறக்கையைக் கழற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள். புல்லியையும் இறக்கையையும் பிடிப்பது அதே போல்ட்டுகள்தான். இறக்கை போனதும் அவற்றின் நீளம் அதிகமாகிவிடும், புல்லி இறுகாது. அளவான குட்டை போல்ட் தேடிப் போட்டோம்.

செலவில் பெரியது, டைனமோவுக்குப் பதில் மாட்டிய ஆல்டர்னேட்டர். இரண்டுமே இன்ஜின் ஓட்டத்தில் பேட்டரியைச் சார்ஜ் செய்பவை. பழைய டைனமோ ஐடிலிங்கில் சார்ஜே கொடுக்காது. ஃபேனோ அந்த நேரத்தில்தான் ஓடும். கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டர் வைத்துப் பார்த்தால் ஃபேன் இழுப்பது 8 ஆம்பியர், கிளம்பும் நொடியில் அதைவிடப் பல மடங்கு. டைனமோவை வைத்துக்கொண்டு ஃபேன் மாட்டினால் பேட்டரிதான் படுக்கும்.

முதலில் வயரிங் செய்தவர் ரிலே போடவில்லை. சுவிட்ச் வழியாகப் போகாமல் பெரிய கரண்டைத் தனியாகத் தாங்குவது அதுதான். சாவி சுவிட்சிலிருந்தே நேராக லைன் எடுத்துவிட்டார். சித்திரைத் திருவிழாவில் எதிர்சேவை அன்று தல்லாகுளத்தில் கூட்டத்துக்குள் ஊர்ந்துகொண்டிருந்தபோது டேஷ்போர்டுக்கு அடியில் தீய்ந்த வாடை. குனிந்து பார்த்தால் வயரின் மேல்தோல் உருகி சுவிட்சில் ஒட்டியிருந்தது. பின்சீட்டில் அம்மாவும் பிள்ளைகளும். அந்தப் பயம் எனக்கு இன்னும் போகவில்லை. மறுவாரமே பேட்டரியிலிருந்து தனி லைன், பேட்டரி பக்கத்திலேயே 20 ஆம்பியர் ஃபியூஸ், ரிலே, பெயின்ட் சுரண்டிய இடத்தில் எர்த் என்று எல்லாவற்றையும் மாற்றினேன். ஃபேனுக்குக் கரண்ட் வந்தால் எரிய டேஷில் ஒரு சின்ன பச்சை லைட்டும் வைத்தேன். இது இல்லாமல் ஓட்டாதீர்கள். கரண்ட் வராமல் ஃபேன் நின்றுபோனால் ஹீட் ஏறும் முன்னே தெரிய இது உதவும்.

மைலேஜ் கூடியதாகச் சொல்ல மாட்டேன். இரைச்சல் நன்றாகக் குறைந்திருக்கிறது. காலையில் இன்ஜின் சீக்கிரம் சூடாகிறது. மூன்றாம் வருசம் மோட்டார் புஷ் தேய்ந்து கிரீச்சிட்டது, மாற்றினேன். போன அக்னி நட்சத்திரத்தில் ஆறு பேரோடு ஆண்டிபட்டி கணவாய் ஏறினேன். இரண்டாவது கியரில் பச்சை லைட் எரிந்தது, அணைந்தது, மறுபடி எரிந்தது. முள் பாதியைத் தாண்டவில்லை. தேனி போய்ச் சேரும்வரை பானெட்டைத் திறக்கவே இல்லை.